இடைவழித் தங்கல்: விமானப் பயண வரலாறும் நம் குடும்பங்களும்

கோடை விடுமுறை நெருங்கும்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகின்றது. மகன் அமெரிக்காவில் இருக்கின்றான். மகள் இலண்டனில் இருக்கின்றாள். பேரப்பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கிவிட்டது. எந்த விமானத்தில் போவது? இடையில் எந்த ஊரில் இறங்கி மாறுவது? ஒருவர் துபாய் என்பார். மற்றொருவர் பிராங்பர்ட் என்பார். மூன்றாமவர், எங்கும் இறங்காமல் நேரே போவதே உத்தமம் என்பார். நெடுநேரம் வாதித்த பின்னர், கட்டணம் குறைந்த சீட்டு எதுவோ அதுவே பெரும்பாலும் வெற்றி பெறும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் மகள் இல்லத்துக்குத் தனியே புறப்பட்டார். செலவு குறையும் என்று கருதிப் பிள்ளைகள் இரண்டு வேறு நிறுவனங்களில் இரண்டு தனிச் சீட்டுகள் வாங்கியிருந்தனர். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதித்தது. இரண்டாவது விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. முதல் நிறுவனத்தார், தங்கள் பொறுப்பு அவ்வூர் வரையில்தான் என்றனர். இரண்டாம் நிறுவனத்தார், குறித்த நேரத்தில் வராதது பயணியின் குற்றமே என்றனர். தமிழன்றி வேறு மொழி அறியாத அவ்வம்மையார் அயல்நாட்டு விமான நிலையத்தின் நாற்காலி ஒன்றில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் தரை துடைக்க வந்த நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர், அவர் தமக்குள் முணுமுணுத்த தமிழைக் கேட்டு, "என்ன ஆச்சி, எங்கே போகணும்?" என்று அருகில் வந்தார். அவர் தம் கைபேசியைத் தந்து மகளோடு பேச வைத்ததனால் அம்மையாரின் துயரம் தீர்ந்தது.

இடைவழியில் நேரும் இடையூற்றுக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகின்றது. இதற்கு விடை காண, நெடும்பயணத்தில் நின்று செல்லும் இடங்களை இதுகாறும் யார் யார் தேர்ந்தெடுத்து வந்தனர் என்னும் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம். அவ்வரலாற்றில் நம் பம்பாய்க்கும் நம் தமிழகத்துக்கும் சிறப்பானதோர் இடம் உண்டு.

இரு கம்பெனிகள் சந்தித்த இடம்

விமானம் தோன்றுவதற்கு முன்பே இவ்வினா இரயில் பாதையில் எழுந்தது. பம்பாயிலிருந்து தென்கிழக்கு நோக்கி கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே கம்பெனியார் பாதை அமைத்துக்கொண்டு வந்தனர். சென்னையிலிருந்து வடமேற்கு நோக்கிச் சென்னை இரயில்வே கம்பெனியார் அமைத்துக்கொண்டு சென்றனர். இவ்விரு பாதைகளும் 1871-ஆம் ஆண்டில் இராய்ச்சூரில் இணைந்தன. பின்னாளில் நெல்லை, தஞ்சை, பாலக்காடு முதலிய சீமைகளிலிருந்து பிழைப்பு நாடியும் கல்வி நாடியும் நம் முன்னோர் இந்நகருக்கு வர வழி திறந்தது அவ்விணைப்பே. வழியில் எந்த ஊரில் வண்டி நிற்கும், எங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள், எங்கே சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்கும் என்பனவற்றைக் கம்பெனியும் நீராவி எஞ்சினுமே முடிவு செய்தன. பயணியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஆயினும் வண்டி நின்றால், மீண்டும் புறப்படும் வரையில் பயணி அவ்வண்டிக்கே உரியவராக இருந்தார். நம் வீட்டுப் பெண்மணிகள் கட்டிக் கொடுத்த புளியோதரையும் தயிர்ச்சோறும் மற்றதைக் கவனித்துக்கொண்டன.

கராச்சி வரை வந்த விமானம்

1929-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே வான்வழிச் சேவையைத் தொடங்கியது. பயணத்துக்கு ஏழு நாட்கள் ஆயின. ஒருவழிக் கட்டணம் 130 பவுன். வான்வழி என்று பெயரே ஒழிய, முழுவதும் வான்வழியன்று. இலண்டன் நகரின் குராய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை இரயில். மத்தியதரைக் கடலைக் கடந்து அலெக்சாந்திரியா வரை நீரில் இறங்கும் விமானம். அதன்பின் பாக்தாத், பாஸ்ரா, பாரசீகக் கரை வழியே கராச்சி வரை வேறொரு விமானம். இரவுப் பறத்தல் அக்காலத்தில் வழக்கமன்று. ஆகவே மாலையில் இறங்குவதும், நிறுவனத்தாரே ஏற்பாடு செய்த விடுதியில் தங்குவதும், விடிந்ததும் புறப்படுவதுமாகப் பயணம் சென்றது. ஈராக்குப் பாலைவனத்தின் நடுவே ருத்பா என்னுமிடத்தில் இருந்த கோட்டை, வானில் வந்தவர்களுக்கும் தரைவழியே வந்தவர்களுக்கும் தங்குமிடமாயிற்று.

பின்னர்ப் பாரசீக அரசுடன் ஏற்பட்ட உடன்பாடு நீடிக்கவில்லை. ஆகவே 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பாதை வளைகுடாவின் அரேபியக் கரைக்கு மாறியது. ஷார்ஜாவில் அரணமைந்த ஒரு விடுதி எழுப்பப்பட்டு, விமானப் பயணிகள் அங்கே இரவைக் கழித்தனர். நம் இளைஞர்கள் வேலை தேடிச் செல்லும் அதே ஷார்ஜாவில் நிகழ்ந்தது இது. அவ்விடுதி இன்று விமான வரலாற்றைக் காட்டும் காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்நெடும்பாதை கராச்சியைத் தொட்டதேயன்றிப் பம்பாயைத் தொடவில்லை. 1930-இல் நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனம் ஜாவாத் தீவின் பத்தாவியா நகருக்குத் தொடங்கிய சேவையும் கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா என்று வடபுறமாகவே சென்றது. வானில் கடிதம் வந்தாலும், பம்பாய்க்கும் சென்னைக்கும் உரிய கடிதம் கராச்சியிலிருந்து இரயிலேறித்தான் வர வேண்டியிருந்தது.

பெல்லாரியில் ஓர் இரவு

இக்குறையை நீக்க முன்வந்தவர்கள் ஜே.ஆர்.டி. டாட்டாவும் அவர்தம் நண்பரான நெவில் வின்சென்ட்டும் ஆவர். 1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் டாட்டா அவர்கள் பஸ் மாத் என்னும் சிற்றுந்து போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், தபால் பைகளை ஏற்றிக்கொண்டு, கராச்சியிலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பினார். அப்பெட்ரோல் மாட்டுவண்டியில் டின்களில் வந்து சேர்ந்தது என்பர். பிற்பகலில் பம்பாயின் ஜூஹு திடலில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றுக்கொண்டு தெற்கே பறந்தார். அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியில் இரவைக் கழித்து, மறுநாள் சென்னையை அடைந்தார். பம்பாய்க்கும் தமிழகத்துக்கும் வான்வழிப் பிணைப்பு ஏற்பட்ட நாட்கள் அவை.

மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கப்பெற்றதும் அதே 1932-ஆம் ஆண்டில்தான். ஒருபுறம் நம்மவர் இம்மண்ணில் நிலைத்து வாழக் கல்விக்கு அடிகோலினர். மறுபுறம் இம்மண்ணையும் தாயகத்தையும் இணைக்கும் வான்வழி திறந்தது. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்த்தல் நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பெல்லாரியை யார் தேர்ந்தெடுத்தனர்? பெட்ரோல் தொட்டியின் அளவும் சூரியன் மறையும் நேரமுமே தேர்ந்தெடுத்தன. ஜூஹுவில் அக்காலத்தில் கட்டிய ஓடுபாதை இல்லை. பருவமழை வந்தால் திடல் சேறாகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் டாட்டா விமானங்கள் பூனாவிலிருந்து இயங்கின. மழையும் ஊரைத் தேர்ந்தெடுத்தது என்பது இதனால் விளங்கும். பின்னர் 1935-இல் கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கும், 1938-இல் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கும் சேவை நீண்டது. திருச்சி அன்று இடைவழி நிலையமானதற்குக் காரணம், சென்னைக்கும் கொழும்புக்கும் இடையில் அஃது அமைந்திருந்ததே.

அரசுகள் வகுத்த வழி

இரண்டாம் உலகப்போர் நீண்ட ஓடுபாதைகளையும் பெரிய விமானங்களையும் உலகுக்கு விட்டுச் சென்றது. எஞ்சினின் வலிமை பெருகவே, எங்கே நிற்க வேண்டும் என்னும் முடிவு அரசுகளின் கைக்கு மாறியது. 1944-ஆம் ஆண்டு இறுதியில் சிக்காகோ நகரில் பல நாட்டார் கூடி உடன்படிக்கை செய்தனர். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானில் முழு உரிமை உண்டு என்று அது வகுத்தது. ஒரு நாட்டு விமானம் பிறிதொரு நாட்டின் மேலே பறக்கலாமா, எண்ணெய் நிரப்ப இறங்கலாமா, அங்கே பயணிகளை ஏற்றி இறக்கலாமா என்பனவெல்லாம் தனித்தனி உரிமைகளாயின. பெரும்பாலும் இரு நாடுகள் அமர்ந்து பேசி முடிவு செய்யும் ஒப்பந்தங்களே அதன்பின் வழித்தடங்களை நிர்ணயித்தன.

விடுதலை பெற்ற பாரதம் இவ்வுரிமையை விரைவில் பயன்படுத்தியது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' என்னும் கான்ஸ்டெல்லேஷன் விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜெனிவா நகரங்களில் நின்று, ஜூன் 10-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தது. கப்பலில் வாரக்கணக்கில் செல்ல வேண்டிய தொலைவு இரண்டு நாட்களுக்குள் அடங்கிற்று. அதே விமானம் 1950 நவம்பர் 3-ஆம் நாள் ஜெனிவாவை அணுகும்போது மான்ட் பிளாங்க் மலையில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. இன்று நாம் அச்சமின்றி அமர்ந்து செல்லும் பயணத்துக்கு முன்னே பலர் விலை கொடுத்திருக்கின்றனர்.

உள்நாட்டிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1949 சனவரியில், ரஃபி அகமது கித்வாய் அவர்கள் போக்குவரத்துத் தொடர்பு அமைச்சராக இருந்த காலத்தில், இரவு வான்தபால் சேவை தொடங்கிற்று. பம்பாய், சென்னை, கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவுக்குப் பின் நாகபுரியில் சந்தித்தன. தபால் பைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றப்பட்டன. அவ்விமானங்களில் வந்த பயணிகளும் இறங்கி மாறினர். பின்னர் அந்தந்த விமானம் தன் ஊருக்குத் திரும்பி விடியலில் சேர்ந்தது. பம்பாயில் மாலையில் அஞ்சலில் சேர்த்த கடிதத்தைச் சென்னைக்கு மறுநாளே கொண்டு சேர்த்த வழி அது. நான்கு திசையிலிருந்தும் வந்து ஓரிடத்தில் கூடி, மாறி, மீண்டும் பிரிதல் என்னும் இம்முறையைத்தான் இன்று துபாயும் தோகாவும் சிங்கப்பூரும் பேரளவில் செய்கின்றன. அதனை நாகபுரி நம் நாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியது. நாகபுரியில் ஒரு விமானம் தாமதித்தால் மற்றவை காத்திருத்தல் வழக்கம். ஏனெனில் நான்கும் ஒரே சேவையின் அங்கங்கள். நம் மூதாட்டிக்கு நேர்ந்த துன்பம் அங்கே நேர இடமில்லை.

1954-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் கப்பலையே நம்பியிருந்த மலேயாத் தமிழருக்கு வானில் ஒரு வழி கிடைத்தது. 1960-இல் ஜெட் எஞ்சின் பூட்டிய போயிங் 707 விமானங்கள் வந்தன. அவ்வாண்டு மே 14-ஆம் நாள் இலண்டன் வழியாக நியூயார்க் சேவையும் தொடங்கிற்று. ஜெட் விமானத்தின் வேகம் பயண நேரத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது. அடுத்து வந்த விமானங்களின் தொட்டிகள் பெருகப் பெருக, இடைவழி ஊர்கள் ஒவ்வொன்றாக அட்டவணையிலிருந்து மறைந்தன.

நம் இல்லங்களே இடைவழி விடுதிகள்

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் செல்வம் கொழித்தன. கட்டட வேலைக்கும் எண்ணெய் வயல் வேலைக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். அந்நாடுகளுக்குச் செல்லும் விமானங்கள் அக்காலத்தில் பெரிதும் பம்பாயிலிருந்தே புறப்பட்டன. வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்களும் பெருமளவில் இங்கேயே இருந்தனர். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி குடியேறுவோர் பாதுகாவலரின் அனுமதி முத்திரை பெறவும் பலர் இந்நகருக்கு வந்தனர். இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தகரப் பெட்டியுடன் இரயிலேறிவந்த இளைஞர்கள், விசா வரும் வரையில், சீட்டு உறுதியாகும் வரையில், வாரக்கணக்கில் இங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் எங்கே தங்கினர்? தாராவியின் பத்தடிக்குப் பத்தடி அறைகளில் தங்கினர். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உறவினர் இல்லக் கூடங்களில் பாய் விரித்துப் படுத்தனர். ஊர்க்காரர் என்னும் ஒரு சொல்லே அவர்களுக்கு அனுமதிச் சீட்டாயிற்று. ஐந்து பேர் உண்ணும் இல்லத்தில் ஏழு பேர் உண்டனர். குழாய்த் தண்ணீர் வரும் நேரம் சிலவேயாயினும் அதில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. விமான நிலையம் வரை கூடச் சென்று வழியனுப்பியவர்களும், திரும்பி வந்தபோது எதிர்கொண்டழைத்தவர்களும் நம் பெற்றோர்களே. எந்த விமான நிறுவனத்தின் கணக்கிலும் இவ்விருந்தோம்பல் பதிவாகவில்லை. ஆயினும் வளைகுடாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பம்பாய்த் தமிழரின் கூடத்தையும் திண்ணையையும் விட்டுவிட்டு எழுத இயலாது.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்குப் படைகள் குவைத்தைக் கைப்பற்றின. அங்கிருந்த நம் மக்கள் உடைமைகளை விட்டுவிட்டுப் பாலைவன வழியே ஜோர்டான் நாட்டின் அம்மானை அடைந்தனர். ஏர் இந்தியா அங்கிருந்து 59 நாட்களில் 488 முறை பறந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மீட்டது. பெரும்பாலோர் வந்திறங்கியது பம்பாயில்தான். அவர்களுள் தமிழரும் பலர். வெறுங்கையோடு இறங்கியவர்களுக்கு இந்நகரே மீண்டும் இடைவழித் தங்கலாயிற்று.

வாணிகம் வகுக்கும் வழி

இதற்கிடையே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1985-இல் துபாயில் எமிரேட்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க வழிகள் கராச்சிக்கும் பம்பாய்க்குமே அமைந்தன. 1932-இல் டாட்டாவின் விமானம் இணைத்த அதே இரு நகரங்கள்! ஷார்ஜாவில் இரவு தங்கிய பயணிகளுக்கு வேறு வழியில்லை. விமானம் அதற்குமேல் பறக்க இயலாது. ஆயின் இன்று மும்பையிலிருந்து இலண்டனுக்கு நேரே பறக்க இயலும். 2007 ஆகஸ்டில் ஏர் இந்தியா மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் சேவை தொடங்கிக் காட்டியது. அவ்வாறிருக்க, பயணிகள் வளைகுடாவில் இறங்கி மாறுவது ஏன்? பல ஊர்களிலிருந்து வருவோரை ஓரிடத்தில் திரட்டிப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு விமானமும் நிரம்பும். நிரம்பினால் கட்டணம் குறைக்க இயலும். அவ்வூர்கள் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே அமைந்திருப்பதும் துணையாயிற்று.

ஆகவே நிற்குமிடத்தை முதலில் எஞ்சின் தேர்ந்தெடுத்தது. பின்னர் அரசுகள் தேர்ந்தெடுத்தன. இன்று வாணிகம் பல வழிகளை வகுத்து நம்முன் வைக்கின்றது. அவற்றுள் ஒன்றைத் தேரும் உரிமை முதன்முறையாகக் குடும்பத்தின் கைக்கு வந்துள்ளது. உரிமை வந்தபோது பொறுப்பும் உடன் வந்தது. ருத்பாவிலும் ஷார்ஜாவிலும் பயணிக்கு உணவும் படுக்கையும் அளித்தல் நிறுவனத்தின் கடமையாக இருந்தது. இன்று இரண்டு தனிச் சீட்டுகள் வாங்குவோர், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பொறுப்பைத் தம் தலைமேல் தாமே ஏற்றுக்கொள்கின்றனர். பயணம் செய்பவர் எழுபது வயதுத் தாயாராயின், அப்பொறுப்பு அவர் தலைமேல் ஏறுகின்றது.

குடும்பம் எண்ண வேண்டியவை

இவ்வரலாற்றின் துணைகொண்டு நம் குடும்பங்கள் கருத வேண்டிய சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, பயணம் முழுவதும் ஒரே சீட்டில், ஒரே முன்பதிவில் அமைதல் வேண்டும். 1999-இல் மான்ட்ரியல் நகரில் உருவான உடன்படிக்கையில் நம் நாடு 2009-இல் சேர்ந்தது. பல நிறுவனங்கள் அடுத்தடுத்து ஏற்றிச் சென்றாலும், ஒரே பயணமாகக் கருதி ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தால் அதனை ஒரே பயணமாகவே அவ்வுடன்படிக்கை கொள்கின்றது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், ஒரே முன்பதிவில் சென்றவருக்கு அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருதல் நிறுவனத்தாரின் வேலையாகும். தனிச் சீட்டில் சேமிக்கும் சில ஆயிரம் ரூபாய் இப்பாதுகாப்புக்கு ஈடாகாது.

இரண்டாவது, இறங்கி ஏறும் இடைவேளை. இளைஞர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஓடி மாறிவிடுவார். முதியவர், கைக்குழந்தையுடன் செல்லும் தாய் ஆகியோருக்கு இரண்டரை அல்லது மூன்று மணி நேரமேனும் வேண்டும். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்தாரிடம் தெரிவித்தல் நன்று. நாற்காலியைத் தள்ளிச் செல்லும் பணியாளரே அடுத்த வாயில் வரை கொண்டு சேர்ப்பதால், மொழி தெரியாத முதியவருக்கு இது வழித்துணையாகவும் அமைகின்றது.

மூன்றாவது, நேரே பறப்பதா, நின்று செல்வதா என்பது. நேர்வழியே எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பதினைந்து மணி நேரம் ஒரே இருக்கையில் அசையாது அமர்ந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. வயது முதிர்ந்தோர்க்கு அது மிகுதி. அத்தகையோர் இடையில் இறங்கி நடந்து இளைப்பாறிச் செல்லுதல் நலம் பயக்கலாம். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். மாறாக, மறதி உள்ளவர்களும் தனியே செல்ல அஞ்சுபவர்களும் நேர்வழியில் செல்வதே நன்று. ஒருமுறை அமர்ந்தால் மகனையோ மகளையோ காணும் ஊரில்தான் இறங்குவர்.

நான்காவது, நிற்கும் நாட்டின் சட்டங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் சில நாடுகள் விசா கேட்கின்றன; இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. சீட்டு வாங்கும் முன் அந்நாட்டுத் தூதரக அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். இரண்டொரு நாள் வெளியே சென்று ஊர் பார்த்துவரும் எண்ணம் இருப்பின் இன்னும் எச்சரிக்கை தேவை. நம் சமையலில் சாதாரணமான கசகசா ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருளாகும். மகளுக்குக் குருமா செய்ய எண்ணி அன்புடன் கட்டிக் கொடுக்கும் சிறு பொட்டலம் பெருந்துன்பத்தில் முடியக் கூடும். மருந்துகளை அவற்றின் உறையுடனும் மருத்துவர் சீட்டுடனும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, பெட்டிகள். அமெரிக்கா செல்வோர் பொதுவாக அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து, மீண்டும் ஒப்படைத்து, அடுத்த விமானம் ஏற வேண்டும். ஆகவே இறங்கி மாறுவது துபாயிலா, அமெரிக்காவின் ஒரு நகரிலா என்பது முதியவருக்குப் பெரிய வேறுபாடு. இருபத்து மூன்று கிலோப் பெட்டியைத் தூக்கித் தள்ளுவதற்கு அவருக்கு அங்கே யார் துணை? ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் வேண்டா. 2006-ஆம் ஆண்டு முதல் நீர்மப் பொருளுக்கு வந்த கட்டுப்பாட்டின்படி இடைவழிச் சோதனையில் பாட்டி இட்ட மாவடு குப்பைக்கூடைக்குப் போய்விடக் கூடும்.

ஆறாவது, நம் நகருக்கே உரிய எச்சரிக்கை. 2025-ஆம் ஆண்டில் நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பெற்றபின் நமக்கு இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. எதிலிருந்து புறப்படுகின்றோம், எதில் வந்து இறங்குகின்றோம் என்று சீட்டைப் பார்த்துத் தெளிதல் வேண்டும். ஊரிலிருந்து மும்பை வந்து மாறும் உறவினர், ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற நேர்ந்தால், நகர நெரிசலில் பல மணி நேரம் கழியும்.

இவையனைத்தையும் கருதிய பின்னர்க் கட்டணத்தை ஒப்பிடலாம். கட்டணத்தை முதலில் பார்த்தால் மற்றவை கண்ணில் படமாட்டா.

நாகபுரியில் நள்ளிரவில் நான்கு விமானங்கள் ஒன்றையொன்று காத்திருந்தன. தாராவியின் சிற்றறையில் நம் பெற்றோர், ஊரிலிருந்து வரும் இரயில் எத்தனை மணி தாமதித்தாலும், சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தனர். இன்றைய வானுலகில் ஒரு விமானம் மற்றொரு விமானத்துக்காகக் காத்திருத்தல் அரிது. ஆகவே அக்காத்திருத்தலை நாமே முன்கூட்டி எண்ணிச் சீட்டில் அமைத்தல் வேண்டும். வேற்றூரில் தனித்து அமர்ந்திருக்கும் தமிழ் மூதாட்டியைக் கண்டால், "என்ன ஆச்சி?" என்று கேட்கும் அந்நெல்லை இளைஞரின் பண்பு நம் எல்லோரிடமும் இருத்தல் வேண்டும். வளைகுடா செல்லும் வழியில் பம்பாயில் தங்கிச் சென்ற தலைமுறைக்கு நம் பெற்றோர் செய்ததும் அதுவே.

இவ்வாண்டு கடல் கடந்து செல்லும் நம் குடும்பத்தார் யாவரும் நலமே சென்று, மக்களும் பேரமக்களும் கண்டு மகிழ்ந்து, நலமே திரும்புவாராக.